வாசகர் கேள்வி – பதில்: நாயகனும் நாயகியும் இடம் மாறினால்

கேள்வி: ஸ்டெஃபனி மேயர் 2005-ல் எழுதிய, ரத்தக் காட்டேரி இளைஞனை ஒரு பெண் காதலிக்கும் ‘ட்வைலைட்’ நாவலை, பத்தாண்டுகள் கழித்து அவரே ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி ‘லைஃப் அண்ட் டெத்’ என்று வெளியிட்டிருக்கிறார். பெயர்களை மாற்றி அதே சரக்கை மறுபடி விற்கிறார்கள் என்கிறாள் என் அறைத்தோழி. படிப்பதில் பயன் உண்டா?
— கல்லூரி மாணவி, கோரமங்களா

பதில்: உங்கள் தோழி சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மூல நூலை வரிக்கு வரி ஒட்டிச் செல்லும் பக்கங்கள் அதில் ஏராளம். அவற்றில் சலிப்புத் தட்டுவது உண்மை. ஆனால் எவை மாறாமல் நின்றன, எவை மாறியே தீர வேண்டியிருந்தன என்று கவனித்துப் படித்தால் அந்த நூலிலிருந்து நிறையக் கற்றுக்கொள்ளலாம். தம் நாயகி பெல்லா ஆபத்தில் சிக்கி, ஆணால் காப்பாற்றப்படும் பேதை என்ற விமர்சனத்துக்கு மறுமொழியாகத்தான் மேயர் இதை எழுதினார். ரத்தக் காட்டேரிகளின் நடுவே அகப்பட்ட மனிதப் பிறவி ஆணாக இருந்தாலும் அதே கதிதான் என்பது அவருடைய வாதம்.

வாதம் எங்கே தடுமாறுகிறது என்று பாருங்கள். மூலத்தில், போர்ட் ஏஞ்சலிஸ் நகரத் தெருவில் தனியே நடக்கும் பெல்லாவைச் சில ஆண்கள் வளைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அவளைச் சூழ்வதற்கு எந்தக் காரணத்தையும் ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்குப் புரிகிறது. புதிய நூலில் அதே தெருவில் பெல்லாவின் இடத்தில் ஓர் இளைஞனை நடக்கவிட்டபோது, அவனைக் காவல்துறை ஆள் என்று குற்றக் கும்பல் தவறாக எண்ணுவதாக ஒரு காரணத்தை அவர் புதிதாகப் படைக்க வேண்டியிருந்தது. இரவு பதினொரு மணிக்கு பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் வண்டிக்காகக் காத்து நிற்கும் உங்களுக்கும், அதே இடத்தில் நிற்கும் உங்கள் தம்பிக்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஆண்–பெண் எல்லோரையும் மாற்றிய மேயர், முதன்மைப் பாத்திரத்தின் பெற்றோரை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பெற்றோர் பிரிந்த காலத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள் கைக்குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைப்பது அரிது என்று அதற்கு அவரே விளக்கம் தருகிறார். முடிவும் வேறு: பெல்லா முதல் நாவலின் இறுதியில் மனுஷியாகவே மீள்கிறாள்; இளைஞனோ காட்டேரியாக மாறிவிட, பெற்றோர் அவனை இறந்தவனாக எண்ணித் துக்கம் காக்கிறார்கள். என் கணிப்பில் அந்த இறுதிப் பகுதிதான் நூலிலேயே சிறந்தது.

கேள்வி: இத்தகைய பால்மாற்றக் கதைகள் மேலைநாட்டு மோகம் அல்லவா? தமிழ் மரபுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அல்சூர்

பதில்: ஐயா, உங்கள் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக அமர்ந்திருக்கும் வள்ளுவரிடமிருந்தே தொடங்கலாம். காதலியை அடைய முடியாத தலைவன் பனை மடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவில் தோன்றுவதும், அதன் மூலம் ஊரறியத் தன் காதலை வெளிப்படுத்துவதும் நம் அக மரபு. பெண்ணுக்கு அது கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. கடல்போன்ற காமத்தால் வருந்தியும் மடலேறாத பெண்மையைப் போலப் பெருமையுடையது வேறில்லை என்று 1137-ஆம் குறள் அந்த விதியைப் போற்றுகிறது.

இதற்குப் பிறகு திருமங்கையாழ்வார் வருகிறார். தம்மைத் திருமாலைக் காதலிக்கும் ‘பரகால நாயகி’ என்ற பெண்ணாகப் பாவித்து அவர் பாடிய பெரிய திருமடலில், பெண்கள் மடலேறமாட்டார்கள் என்ற தென்னாட்டுப் பேச்சைக் கேட்டதுண்டு, ஆனால் அதை நான் ஏற்கவில்லை என்று அந்தப் பெண் வெளிப்படையாக அறிவிக்கிறாள். இராமன் பின்னே கானகம் சென்ற சீதையையும், அர்ஜுனனை விரும்பிய உலூபியையும், அநிருத்தனைக் காதலித்த உஷையையும் தனக்கு முன்னோடிகளாகக் காட்டுகிறாள். ஆணுக்கே உரியதென வகுத்த ஒரு செயலைப் பெண்ணின் கையில் கொடுத்து, அதற்கு எதிரான விதியையும் கவிதைக்குள்ளேயே எடுத்துரைத்து மறுக்கும் இந்தத் துணிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பாடியவர் ஆண் என்பதையும், பாடலின் நோக்கம் பக்தி என்பதையும் மறக்கக் கூடாது. அதைப் பெண்விடுதலைப் பாட்டாக்கிவிட முடியாது. ஆயினும் மாற்றிப் பார்க்கும் கலை நம்மிடம் இல்லாதது என்று சொல்ல அதன்பின் வழியில்லை.

பாரதியும் இதைச் செய்தார். 1917-ல் நூலாக வந்த ‘கண்ணன் பாட்டு’ தொகுப்பில் கண்ணன் காதலனாகவும் வருகிறான், கண்ணம்மாவாகிக் காதலியாகவும் வருகிறாள். காதலனைப் பாடும் பெண் தூண்டிற் புழுப்போலத் துடித்துத் தோழியிடம் முறையிடுகிறாள். காதலியைப் பாடும் ஆண் கடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்க, கண்ணம்மாவே பின்புறமாக வந்து அவன் கண்களை மூடுகிறாள். முன்னே வந்து தீண்டும் உரிமையை அங்கே பெண்ணுக்குத் தந்திருக்கிறார் என்பது என் வாசிப்பு.

கேள்வி: நான் இணையத்தில் தொடர்கதை எழுதுகிறேன். நாயகியை மிரட்டி அடக்கும் ‘ஆன்டி ஹீரோ’ கதைகளுக்குத்தான் வாசகிகள் அதிகம். அத்தகைய ஒரு கதையைப் பால்மாற்றி எழுத விரும்புகிறேன். எதில் கவனம் வேண்டும்?
— மென்பொருள் பணியாளர், ஒயிட்ஃபீல்டு

பதில்: எழுதத் தொடங்குமுன், கதையின் நடுவில் உள்ள ஒரே ஒரு காட்சியை மாற்றிப் பாருங்கள். நாயகன் கடன் பத்திரத்தைக் காட்டி மிரட்டி, அவள் சம்மதம் கேளாமல் தாலி கட்டி, வீட்டில் பூட்டி வைக்கிறான். பிற்பாதியில் அவள் அவனை உருகி நேசிக்கிறாள். அவ்விடத்தில் ஒரு பெண் நிர்வாக இயக்குநரையும், அவளிடம் வேலை பார்க்கும் இளைஞனையும் வையுங்கள். முதல் பக்கத்திலேயே ‘போலீஸுக்குப் போ’ என்று அவனுக்காக நம் மனம் பதறும். அந்தப் பதற்றம் மூலக்கதையின் பெண்ணுக்காக ஏன் எழவில்லை என்று வாசகியைக் கேட்க வைத்தால் உங்கள் கதை வென்றது. மாறாக, அவள் அறைவதையும் அடைப்பதையும் வீரமாகச் சித்திரித்தால் கொடுமைக்கு ஆள் மாறியிருக்கிறதே தவிர வேறெதுவும் மாறவில்லை. அதை எழுதாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, கதை எந்தத் தூணில் நிற்கிறது என்று பாருங்கள். ஜேன் ஆஸ்டினின் 1813-ஆம் ஆண்டு நாவலான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நூலில் ஐந்து பெண்களுக்கும் தந்தையின் சொத்து கிடைக்காது. அது ஆண் வாரிசுக்கே போகும். அவர்களை ஐந்து மகன்களாக்கினால் கதையின் நெருக்கடியே மறைந்துவிடும். சோனாலி தேவ் 2019-ல் எழுதிய மறுகூற்றில் கர்வம் மிக்கவள் த்ரிஷா ராஜே என்ற நரம்பியல் அறுவை மருத்துவர். எதிரே நிற்பவன் ஒரு சமையல் கலைஞன். சொத்துச் சட்டத்தின் இடத்தில் குடும்பச் செல்வாக்கும், அவன் தங்கையின் உயிர் த்ரிஷாவின் கையில் இருப்பதும் வந்து அமர்கின்றன. தூணை மாற்றுவது என்றால் இதுதான்.

உங்களுக்கு பெங்களூரே போதிய பொருள் தரும். மனைவியின் வேலைக்காகக் கோயம்புத்தூரில் தொழிலை விட்டுவிட்டு ஒயிட்ஃபீல்டு அடுக்ககத்துக்கு வரும் கணவனை எழுதுங்கள். மாமனார் வாங்கிய வீடு என்றால் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்ற பேச்சு எழும். அவன் தாய் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதையே குறைத்துக்கொள்வார். வேலை தேடுகிறாயா என்று லிஃப்டில் பார்ப்பவரெல்லாம் கேட்பார்கள். ஊரை விட்டு வந்த மருமகளிடம் இதே கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஏனெனில் அவள் வந்ததை ஒரு தியாகமாகவே எவரும் எண்ணவில்லை. அவனைத் துரத்தும் கேள்விகளையும் அவளைச் சூழ்ந்த மௌனத்தையும் அருகருகே வைத்து எழுத முடிந்தால் மிரட்டலும் கடத்தலும் இல்லாமலே உங்கள் கதை வாசகியைப் பிடித்து நிறுத்தும்.

கேள்வி: பிரபல நாவலைப் பால்மாற்றி வெளியிட அனுமதி வேண்டுமா?
— வாசகர், ராஜாஜிநகர்

பதில்: ஆசிரியர் வாழ்நாளிலும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையிலும் தழுவி எழுதும் உரிமை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளருக்கே உரியது, இலவசமாக வெளியிட்டாலும் அதனாலேயே விலக்குக் கிடைத்துவிடாது. கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை வெளிப்படுத்திய முறைக்கே உண்டு என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே காட்சி வரிசையையும் உரையாடலையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றுவது ஆபத்து. ஆஸ்டின் 1817-ல் மறைந்தவர். அவர் நாவல்களை எவரிடமும் கேளாமல் எடுத்தாளலாம்.