மீடியா சர்வருக்கு எந்த பிராசசர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் ஜெல்லிஃபின் (நம்மிடம் உள்ள படங்களை டிவி, போனுக்கு அனுப்பும் மென்பொருள்) சர்வர் போட வேண்டும். கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. புது இன்டெல் என்100 மினி பிசி வாங்கவா, செகண்ட் ஹேண்ட் ஐ5 வாங்கவா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் அதே விலைக்கு ஐ7 தருகிறேன் என்கிறார்.

ஐ5, ஐ7 என்பதை விடுங்கள். 'ஐ7-4770' போன்ற பெயரில் கோடுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள், அதுதான் தலைமுறையைச் சொல்லும். டிரான்ஸ்கோடிங் (பார்க்கும் கருவிக்கு ஏற்ப வீடியோவை வேறு வகைக்கு மாற்றி எழுதுவது) வேலையைச் செய்வது பிராசசரின் கோர்கள் அல்ல. அதே சிப்பில் தனியாக இருக்கும் 'குயிக் சிங்க்' என்ற வீடியோ பகுதிதான் செய்கிறது. எந்த வகை வீடியோவை அது படிக்கும், எந்த வகையில் எழுதும் என்பதை முடிவு செய்வது தலைமுறை மட்டுமே.

4770 என்றால் நான்காம் தலைமுறை. எச்.264 என்ற பழைய வீடியோ வகையை ஓட்டும், அதை அடுத்து வந்த எச்இவிசி தெரியாது. 6500 என்றால் ஆறாம் தலைமுறை. எச்இவிசி தெரியும், ஆனால் 8 பிட் நிறம் மட்டும். இன்றைய 4கே எச்டிஆர் (ஒளி, நிற வீச்சு அதிகமுள்ள) கோப்புகள் எல்லாம் 10 பிட். அதற்குக் குறைந்தது ஏழாம் தலைமுறை வேண்டும். இன்னும் புதிய வகையான ஏவி1 கோப்புகளைப் படிக்கக் குறைந்தது 11-ஆம் தலைமுறை வேண்டும். ஆகவே ஐ7-4770-ஐ விட ஐ3-8100 உங்களுக்கு மேல். எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் (12100எஃப் போல) அதில் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. விலை குறைவாகக் கிடைப்பதும் அதனால்தான்.

என்100-க்கும் செகண்ட் ஹேண்ட் ஐ5-8500-க்கும் போட்டி என்றால், டிஸ்க்கை வைத்து முடிவு செய்யுங்கள். என்100 ஏவி1 படிக்கும், சூடும் மின்சாரமும் குறைவு. 4கே படத்தை 1080-க்கு இறக்கி இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்ப்பதற்குத் தாராளம். 8 ஜிபி ரேம் போதும். ஆனால் மினி பிசியில் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நுழையாது. வெளியே வைக்கலாம் என்றால், அந்த டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி துளை அதைத் தராது. தனி அடாப்டர் உள்ள டாக் (டிஸ்க்கைச் செருகும் வெளிப் பெட்டி) வாங்க வேண்டும். இரண்டு பெரிய டிஸ்க் போடுகிற எண்ணம் இருந்தால் ஐ5-8500 உள்ள ஆபீஸ் பெட்டியே வசதி. வாங்கும் முன் உள்ளே டிஸ்க் வைக்க எத்தனை இடம், எத்தனை சாட்டா இணைப்பு என்று மூடியைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ரைசன் 5 3600 பிசி சும்மா கிடக்கிறது. ஜிடி 1030 கார்டும் இருக்கிறது. இதை வைத்தே சமாளிக்க முடியுமா?

முடியாது. ஜிடி 1030-இல் வீடியோவைப் படிக்கும் பகுதி உண்டு, எழுதும் பகுதி கிடையாது. பாதி வேலை மீண்டும் பிராசசர் தலையில்தான் விழும். 3600-இலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்டுதான் போட வேண்டும் என்றால் இன்டெல் ஆர்க் ஏ310 பாருங்கள். 75 வாட், தனி பவர் ஒயர் வேண்டாம், ஏவி1-இல் எழுதவும் தெரியும். பயோஸில் ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் அணுகும் வசதி), ஏஎஸ்பிஎம் (மின்சேமிப்பு வசதி) இரண்டையும் இயக்கி வையுங்கள். ஏஎஸ்பிஎம் இல்லாவிட்டால் கார்டு சும்மா இருக்கும்போதும் மின்சாரம் தின்னும்.

கேள்வி: என்100 வாங்கி டாக்கரில் ஜெல்லிஃபின் போட்டேன். செட்டிங்ஸில் குயிக் சிங்க் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இருந்தும் 4கே படம் போட்டால் சிபியு 100 சதவீதம், படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

செட்டிங்ஸில் டிக் அடித்தது மட்டும் போதாது. டாக்கர் என்பது மென்பொருளை 'கண்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி. அதற்குள் இருக்கும் ஜெல்லிஃபினுக்கு கிராபிக்ஸ் சிப் கண்ணில் படவே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டாக்கரின் அமைப்புகளை எழுதும் கம்போஸ் கோப்பில் 'டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ், கிராபிக்ஸ் சிப்புக்கான டிஆர்ஐ கோப்புறை (/dev/dri) கொடுக்கப்பட்டிருக்கிறதா? அடுத்து அனுமதி. கண்டெய்னர் ஓடும் பயனர், சர்வரின் 'ரெண்டர்' குழுவில் இருக்க வேண்டும். குழுவின் பெயரைக் கொடுத்தால் கண்டெய்னருக்குள் அது பொருந்தாமல் போகலாம், குழு எண்ணைக் கொடுங்கள். அந்த எண் ஒவ்வொரு லினக்ஸிலும் மாறும். வேறொருவர் கம்போஸ் கோப்பிலிருந்து எண்ணை அப்படியே எடுத்து ஒட்டுவதால் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

மூன்றாவது ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருள். என்100-இல் 'லோ பவர்' வகை என்கோடர் (வீடியோவை எழுதும் பகுதி) மட்டும்தான் உண்டு. அதற்கு ஹெச்யூசி ஃபர்ம்வேர் ஏறியிருக்க வேண்டும். லினக்ஸ் பழசாக இருந்தால் சிப்பையே சரியாக அடையாளம் காணாது, புதிய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) மாறுங்கள்.

சரியானதா என்று உறுதி செய்ய, இன்டெல் ஜிபியு டூல்ஸ் தொகுப்பில் உள்ள 'டாப்' கட்டளையை (intel_gpu_top) ஓட்டிவிட்டு டிவியில் படத்தைப் போடுங்கள். 'வீடியோ' என்ற வரியில் பட்டை நகர்ந்தால் சிப் வேலை செய்கிறது. பூஜ்யத்திலேயே நின்றால் இன்னும் பிராசசர்தான் இழுக்கிறது.

படம் ஓடியும் நிறம் சாயம் போன சட்டை மாதிரி வெளிறித் தெரிந்தால் அது வேறு பிரச்சினை. எச்டிஆர் படத்தைச் சாதாரண டிவிக்கு மாற்றும் 'டோன் மேப்பிங்' இயங்கவில்லை. அதை இயக்குங்கள். இந்த வேலை சிப்பின் இன்னொரு பகுதியில் நடப்பதால் ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய படங்களின் எண்ணிக்கை சற்றுக் குறையும்.

கேள்வி: சப்டைட்டில் போடாமல் பார்த்தால் படம் அருமையாக ஓடுகிறது. போட்டால் திணறுகிறது. தமிழ் சப்டைட்டில் சில சமயம் கட்டம் கட்டமாகவும் வருகிறது.

ப்ளூ-ரே டிஸ்க்கிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். டிவியின் ஆப்புக்கு அதைக் காட்டத் தெரியாவிட்டால், சர்வர் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதை ஒட்டி முழு வீடியோவையும் புதிதாக எழுதியாக வேண்டும். அதுவரை டிரான்ஸ்கோடிங்கே இல்லாமல் ஓடிய படம் அந்த நொடியிலிருந்து டிரான்ஸ்கோடிங்குக்கு வந்துவிடுகிறது. அதே படத்துக்கு எழுத்தாகவே உள்ள எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பு வைத்தால் பெரும்பாலான ஆப்கள் எழுத்தைத் தாங்களே காட்டிக்கொள்ளும்.

கட்டங்கள் வருவது, சர்வர் எழுத்தை ஒட்டும்போது அதனிடம் தமிழ் எழுத்துரு இல்லாததால். டெபியன், உபுண்டு என்றால் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். டாக்கரில் ஜெல்லிஃபினின் 'ஃபால்பேக் ஃபான்ட்' கோப்புறையில் போட்டு அந்த வசதியை இயக்குங்கள். கட்டங்களுக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 5 போதுமா?

எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பப் போதும். டிரான்ஸ்கோடிங்குக்கு வேண்டாம். அதில் வன்பொருள் என்கோடரே கிடையாது. எச்.264-ஐப் படிக்கும் பகுதியையும் இந்த மாடலில் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: சர்வர் 24 மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. சர்வர் நாளில் இருபது மணி நேரம் சும்மாதான் இருக்கும். பழைய கேமிங் பிசி 60 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். 10 வாட் மினி பிசி 14 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இந்த 72 யூனிட் வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியலுக்குப் போய்விடுவீர்கள். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் அந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, படம் எதுவும் ஓடாத நேரத்தில் அளந்து பாருங்கள்.

கேள்வி: டிரான்ஸ்கோட் செய்யும் தற்காலிகக் கோப்புகளை ரேமில் வைக்கலாமா? எஸ்எஸ்டி தேயாது என்கிறார்களே?

வைக்கலாம், அளவைக் கணக்கிட்டுவிட்டு. 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) வேகத்தில் இரண்டரை மணி நேரப் படம் 9 ஜிபி ஆகும். 8 ஜிபி ரேம் உள்ள பெட்டியில் கிளைமாக்ஸ் வரும்போது இடம் தீர்ந்து படம் நின்றுவிடும். ஜெல்லிஃபினில் பார்த்து முடித்த துண்டுகளை அழிக்கும் வசதியையும், முன்கூட்டியே எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 'த்ராட்டில்' வசதியையும் இயக்கிய பிறகு ரேமுக்கு மாற்றுங்கள்.