மதுரை வெயிலில் ஒரு சிறு கடல்: கேள்வி பதில்

பதினான்கு ஆண்டுகளாக மதுரையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சிறிய தொட்டிக்கு எந்த மீன், எந்த விளக்கு என்பது பற்றியவை. அளவு சொல்லாதவர்களுக்கு, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், அதாவது 70 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

திருநகர்: அண்ணா, தொட்டி வாங்கிவிட்டேன். அடுத்து விளக்கு வாங்குவதா, மீன் வாங்குவதா?

இரண்டும் வேண்டாம், தம்பி. முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். தொட்டியை வைக்கப்போகும் இடத்தில் வெறும் தண்ணீர் நிரப்பி, ஒரு வாரம் விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் வெப்பத்தைக் குறித்துவையுங்கள். நாம் வளர்க்கும் கடல் உயிர்களுக்கு 25 முதல் 27 டிகிரி வரை நல்லது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் விளக்குப் போடாமலேயே தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டுவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மீனுக்கோ அந்தச் சூட்டில்தான் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

இதை நான் உயிர்களைப் பலி கொடுத்துக் கற்றேன். என் முதல் தொட்டிக்கு மேல் 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கைத் தொங்கவிட்டிருந்தேன். ஒரு மே மாதம் மானாமதுரையில் உறவினர் திருமணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது தண்ணீர் 33 டிகிரியில் இருந்தது. ஐந்து மீன்களில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அன்றிலிருந்து எந்த விளக்கைப் பார்த்தாலும் அதன் வெளிச்சத்துக்கு முன்னால் அதன் சூட்டைத்தான் கேட்கிறேன்.

மேலூர்: சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்க வசதியில்லை ஐயா. மின்விசிறி போதுமா?

பெரும்பாலும் போதும். நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி சிறிய விசிறி ஒன்றைப் பொருத்தினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடற்கரை ஊர்களைவிட நம் பக்கத்துக் கோடைக் காற்று வறண்டது என்பதால் இங்கே இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தண்ணீர் வேகமாக வற்றும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் தினமும் நிரப்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் உப்பளவு ஏறிவிடும்.

உசிலம்பட்டி: ராமேஸ்வரத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவரலாமா?

நான் செய்வதில்லை. கரையோர நீரில் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளவும் இறங்கிவிடும். கடைகளில் கிடைக்கும் கடல் உப்பை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைத்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டுகிறதா என்று பாருங்கள். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் ஒரு எச்சரிக்கை: பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத நீரைச் சிறிது கலக்கும் திருகு இருக்கும். கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்து அதை முழுதாக மூடிவிடுங்கள்.

அண்ணாநகர்: தொட்டி 70 லிட்டர். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு நீல டாங், ஒரு மாண்டரின், இரண்டு நீல டேம்ஸல், ஒரு கடல் சாமந்தி (பூப்போல விரியும் அனிமோன் என்ற கடல் உயிர்). சரியாக இருக்குமா?

க்ளவுன் ஜோடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீல டாங் ஓரடி வரை வளரும். நாள் முழுவதும் நீந்தித் திரியும் மீனை இரண்டடிக்குள் அடைப்பது கொடுமை. மாண்டரின் கண்ணைப் பறிக்கும் அழகுதான். ஆனால் அது பாறையில் ஊரும் நுண்ணிய கோபிபாட்களைப் பொறுக்கித் தின்று வாழ்வது. சிறிய தொட்டியில் அவை சில வாரங்களில் தீர்ந்துவிடும். நாம் போடும் உணவைப் பெரும்பாலான மாண்டரின்கள் தொடுவதில்லை. கண் முன்னால் வயிறு ஒட்டிச் சாகும். டேம்ஸல் மலிவாகக் கிடைக்கிறது, எளிதில் சாகாது. ஆனால் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிற எந்த மீனையும் நிம்மதியாக இருக்கவிடாது.

சாமந்தி இல்லாமல் க்ளவுன் வாழாது என்று பலர் நம்புகிறார்கள். தொட்டியில் அதற்குச் சாமந்தி தேவையில்லை. கடலில் அது எதிரிகளிடமிருந்து தப்பவே சாமந்திக்குள் ஒதுங்குகிறது. சாமந்திக்கோ வலுவான ஒளியும், பல மாதங்கள் பழகி நிலைத்த நீரும் வேண்டும். பிடிக்காவிட்டால் இடம்பெயர்ந்து நீரைச் சுழற்றும் பவர்ஹெட் பம்பில் சிக்கிச் சிதைந்து, தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும்.

மீதியிடத்துக்கு என் விருப்பம், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் அதனோடு வாழும் பிஸ்டல் இறாலும். பார்வை மங்கிய இறால் வளை தோண்டும். கோபி வாசலில் காவல் இருக்கும். இறாலின் மீசை எப்போதும் மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து வந்தால் மீன் வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. அந்தத் தொட்டிக்கு மூன்று மீன்களே நிறைவு.

க்ளவுன் வாங்கும்போது பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. அப்படிப் பிறந்தது தொட்டிக்கும் உணவுக்கும் பழகியிருக்கும்.

தெப்பக்குளம்: மீன் மட்டும்தான் வைக்கிறேன். விலை உயர்ந்த நீல எல்இடி வேண்டுமா?

வேண்டியதில்லை அம்மா. மீனுக்குப் பகல் இரவு தெரிந்தால் போதும். சாதாரண வெள்ளை எல்இடியே நிறைவு. நீல ஒளி பவளத்துக்கானது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஒளியிலிருந்து உணவு செய்து அதற்கும் பங்கு கொடுக்கிறது. கடலில் ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கி நீலமே எஞ்சுவதால் அந்தப் பாசி நீலத்துக்குப் பழகியது.

வாடிப்பட்டி: பவளம் வைக்க எத்தனை வாட் விளக்கு?

வாட் என்பது மின்சாரச் செலவின் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது 'பார்' (PAR) அளவு, அதாவது பாசி பயன்படுத்தக்கூடிய ஒளி எவ்வளவு இறங்குகிறது என்பது. காளான் பவளத்துக்கும் பொத்தான் பவளத்துக்கும் 50 முதல் 150 வரை போதும். புதிய விளக்கைப் பாதி ஒளியில் தொடங்கி மூன்று நான்கு வாரங்களில் ஏற்றுங்கள். தினமும் எட்டு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் ஒருபோதும் வேண்டாம். பொத்தான் பவளத்தில் கடும் நஞ்சு இருக்கலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடாதீர்கள்.

பாறைப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளக் கல்லை எவர் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். செயற்கைக் கல்லிலும் நுண்ணுயிர் நன்றாகவே குடியேறுகிறது. அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகே முதல் மீன்.

திருமங்கலம்: மாதாந்திர மின்தடை நாளில் என்ன செய்வது?

பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்றை முன்கூட்டியே வாங்கிச் சோதித்துவையுங்கள். அன்று உணவு போடாதீர்கள், விளக்கும் வேண்டாம். முந்தைய இரவே தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, மூடியை இறுக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.