ஸ்டார்ட் போட்டதும் மோட்டார் ஏன் உதைக்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் மின் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர்.

கேள்வி: அண்ணே, பாய்லர் ஃபேனுக்கு 45 கிலோவாட் மோட்டார், ஸ்டார்-டெல்டா (முதலில் குறைந்த வோல்டேஜில் ஸ்டார் இணைப்பு, பிறகு முழு வோல்டேஜில் டெல்டா). ஸ்டாரில் சாதுவாகத்தான் கிளம்புகிறது. டெல்டா விழும்போது ‘டம்’மென்று ஓர் உதை. மோட்டாரையும் ஃபேனையும் இணைக்கும் கப்ளிங்கின் ரப்பர் பொடிப்பொடியாகக் கொட்டுகிறது.

பதில்: ஸ்டார் காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) விட்டு டெல்டா பிடிக்கிற இடைவெளியில் லைன் கரண்ட் இல்லை. ஆனால் ரோட்டரில் காந்தம் கொஞ்சம் தங்கியிருக்கும். அது டெர்மினலில் வோல்டேஜ் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். வேகம் இறங்க இறங்க அந்த வோல்டேஜ் லைனோடு ஒத்துப்போகாமல் விலகும். இரண்டும் எதிரும் புதிருமாக நிற்கிற நேரம் பார்த்து டெல்டா விழுந்தால், நேரடி ஸ்டார்ட்டைவிடப் பெரிய கரண்ட் பாயும். உங்கள் ரப்பரைத் தின்பது அதுதான்.

முதலில் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றும் டைமரைப் பாருங்கள் தம்பி. 5 வினாடி வைத்துவிட்டு அப்புறம் யாரும் அதைத் தொடுவதே இல்லை! ஃபேன் கனமானது, ஸ்டாரில் டார்க் (சுழற்றும் விசை) டெல்டாவில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டு, கரண்ட் நன்றாக இறங்கிய பிறகு மாறும்படி வையுங்கள். வேகம் எண்பது சதவீதத்தையாவது தாண்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் உதைத்தால், ரெசிஸ்டர் வைத்துக் கரண்ட் அறுபடாமல் மாற்றும் குளோஸ்ட் டிரான்சிஷன், இல்லையென்றால் வோல்டேஜை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டர். ரப்பரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது காசுக்குப் பிடித்த கேடு.

கேள்வி: செம்பனைப் பழம் பிழியும் ஸ்க்ரூ பிரஸ்ஸுக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டோம். சுற்றாமல் உறுமுகிறது.

பதில்: டார்க் வோல்டேஜின் வர்க்கத்தில் போகும். பாதி வோல்டேஜ் கொடுத்தால் கால் பங்கு டார்க்தான். பிரஸ்ஸுக்குள் நார் அடைத்துக் கிடந்தால் அது எப்படி நகரும்? நாரை அள்ளுங்கள், தொடக்க வோல்டேஜை ஏற்றுங்கள். தினமும் லோடோடுதான் ஸ்டார்ட் என்றால் இன்வெர்ட்டருக்குப் போய்விடுங்கள். அது ஃப்ரீக்வன்சியையும் சேர்த்துக் குறைப்பதால் அடிவேகத்திலேயே நல்ல டார்க் கிடைக்கும்.

கேள்வி: அதிர்வு கரண்டாலா, மெக்கானிக்கலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஓடும்போது ஸ்விட்சை அணையுங்கள். அந்த நொடியே அதிர்வு நின்றால் கரண்ட் பக்கம். நம் 50 ஹெர்ட்ஸுக்கு அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அதிர்வாக இருக்கும். வேகத்தோடு சேர்ந்து மெதுவாக அடங்கினால் பேலன்ஸ், அலைன்மென்ட். ஃபவுண்டேஷன் போல்ட்டையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டு சிங்கிள் ஃபேஸ் பம்பு. ‘ம்ம்ம்’ என்கிறது, தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது.

பதில்: பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் அக்கா. கையால் தள்ளுவதை இன்றோடு விடுங்கள். மாற்ற வருகிறவரிடம், மெயினை அணைத்து, பழையதை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.