வீணையும் கோட்டுவாத்தியமும்

கேள்வி: வானொலியில் கோட்டுவாத்தியக் கச்சேரி என்று அறிவித்துவிட்டு ஒலிபரப்பிய இசை, என் காதுக்கு வீணையைப் போலவே கேட்டது. கோட்டுவாத்தியம், சித்திரவீணை, வீணை ஆகியவை மூன்று வாத்தியங்களா, ஒன்றின் மூன்று பெயர்களா?

பதில்: வாத்தியங்கள் இரண்டுதான். இன்று சித்திரவீணை என்று மேடைகளில் அறிவிக்கப்படுவதும் கோட்டுவாத்தியமும் ஒன்றே; மகாநாடக வீணை என்றும் அதைச் சிலர் குறிப்பிடுவது உண்டு. நாட்டிய சாஸ்திரத்தில் சித்திரவீணை என்ற பெயர் வருகிறது என்றாலும், அங்கே சொல்லப்படுவது விரல்களால் மீட்டப்படும் ஏழு தந்தி வாத்தியம் என்பதால், பெயர் ஒன்றாக இருப்பதைக் கொண்டு இரண்டையும் ஒன்றென முடிவுகட்டிவிடக் கூடாது. இந்துஸ்தானி இசையில் உள்ள விசித்திரவீணை இன்னொரு வாத்தியம்; அதில் தந்திகளின் மேல் கண்ணாடி உருண்டை நகர்த்தப்படுகிறது.

தொலைவிலிருந்து பார்த்தால் வீணைக்கும் கோட்டுவாத்தியத்துக்கும் வேறுபாடு தெரியாது. குடம் என்னும் உருண்டைப் பகுதி, தண்டி என்னும் நீண்ட கழுத்து, சுரைக்காய் எல்லாம் இரண்டிலும் உண்டு. அருகில் சென்று தண்டியின் மேற்பரப்பைப் பார்த்தால் போதும். வீணையில் கறுப்பு மெழுகின் மேல் 24 மெட்டுகள், அதாவது சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கம்பிகள், பதிக்கப்பட்டிருக்கும். கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் வீணைக்கு இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்பர்.

மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. வீணைக் கலைஞர் இடக்கை விரல்களால் தந்தியை மெட்டின் மேல் அழுத்துகிறார். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வேண்டுமானால் அதே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார். இழுத்தால் தந்தியின் விறைப்பு கூடிச் சுருதி ஏறுமே தவிர, ஒருபோதும் இறங்காது. ஆகவே, ஒரே மெட்டில் மேலிருந்து கீழே இறங்கும் பிடியை (சுரத்தொடரை) வாசிக்க, முதலில் ஓசையின்றி இழுத்து வைத்துக்கொண்டு, மீட்டிய பிறகு மெல்லத் தளர்த்த வேண்டும். கோட்டுவாத்தியத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இடக்கையில் பிடித்த உருளையான கட்டையைத் தந்திகளின் மேல் முன்னும் பின்னும் வழுக்கினால் சுரம் ஏறவும் இறங்கவும் செய்யும். இந்தக் கட்டை கருங்காலியிலோ எருமைக் கொம்பிலோ செய்யப்படுவது வழக்கம். இப்போது டெஃப்லானும் பயன்படுகிறது.

கோட்டுவாத்தியமே குரலுக்கு மிக நெருக்கமானது என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். நிதானமான ராக ஆலாபனையில் நான் அதை முழுமையாக ஏற்கிறேன். உடனுக்குடன் புனைந்து வாசிக்கும் விரைவான கற்பனைச் சுரங்களில் வீணைக்கே என் வாக்கு. ஒவ்வொரு சுரமும் தனித்துத் தெறிக்கும் தெளிவை மெட்டு தருவதுபோல வழுக்குக் கட்டை எளிதில் தருவதில்லை.

தந்திகளிலும் வேறுபாடு உண்டு. வீணையில் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று வாசிப்புத் தந்திகள் நான்கும், பக்கத்தில் தாளத் தந்திகள் மூன்றுமாக ஏழு. கோட்டுவாத்தியத்தில் மொத்தம் இருபதுக்கும் குறையாது. அவற்றுள் பல, தொடாமலேயே பிற தந்திகளின் ஓசைக்கு இசைந்து அதிரும் அனுநாதத் தந்திகள். நீங்கள் கேட்ட ஒலிபரப்பை நினைவுபடுத்திப் பாருங்கள்: ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னும் மெல்லிய ரீங்காரம் நீடித்திருந்தால் அதற்கு இவையே காரணம்.

கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர்களுள் முதலில் சொல்ல வேண்டியவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பயின்றார் என்பதை நினைக்கும்போது, ஒரு பாடகரின் கமகத்துக்குக் கோட்டுவாத்தியக் கலைஞர் ஆசானாக இருந்தது எவ்வளவு பொருத்தம் என்று தோன்றுகிறது. சகாராம ராவின் மற்றொரு சீடரான நாராயண ஐயங்கார், 'கோட்டுவாத்தியம்' என்ற அடைமொழியுடனேயே புகழ்பெற்றார்.

கேள்வி: வீணை கற்றவர் கோட்டுவாத்தியத்தை எளிதில் வாசித்துவிடலாமா?

பதில்: வலக்கை மீட்டுப் பழக்கம் ஓரளவு துணைநிற்கும், இடக்கைக்கு எல்லாம் புதிது. வீணையில் மெட்டு சுரத்தின் இடத்தைக் காட்டிவிடுகிறது. இங்கே கட்டை மயிரிழை தள்ளி நின்றாலும் அபசுரம் கேட்கும். அதிகமாக அழுத்தினாலும் சுருதி பிசகும். தம்புராவின் சுருதியோடு ஒவ்வொரு சுரத்தையும் நீளமாக நிறுத்தி வாசித்துக் காதைப் பழக்கிய பிறகே வர்ணம் என்ற உருப்படியைத் தொடங்குவது நல்லது.