ஒரே வீட்டில் இரண்டு திருநங்கைகள்: கணக்கு இருக்கட்டும், கால் வீக்கத்தைக் கவனியுங்கள்

கேள்வி: மூத்த பிள்ளை திருநங்கை. இப்போது 20 வயது இரண்டாவதும் அப்படியே சொல்கிறது. கடைசிப் பெண் பையன்களோடு கிரிக்கெட் ஆடுகிறாள். ஒரே வீட்டில் இத்தனை பேர் வருமா, சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று கணவருக்கும் கொழுந்தனாருக்கும் தினமும் வாக்குவாதம். இரண்டாவது, கருத்தடை மாத்திரையைத் தானே வாங்கிச் சாப்பிடுகிறது. ஐந்தாறு நாளாக இடது கால் வீக்கம். யானைக்கால் என்று எண்ணெய் போட்டு நீவுகிறோம்.
- ஒரு தாய், கும்பகோணம் அருகே

பதில்: நீவுவதை உடனே நிறுத்துங்கள் அம்மா. இன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அந்த மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். சீக்கிரம் உடல் மாற வேண்டும் என்று ஒன்றுக்கு மூன்றாக விழுங்குகிறவர்கள் உண்டு. கெண்டைக்கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நீவும்போது அது பெயரலாம். நம் பக்கத்தில் கால் வீங்கினாலே யானைக்கால்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யானைக்கால், காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறிகட்டுமாகப் பலமுறை வந்து, மெல்லத்தான் நிலைக்கும். சில நாளில் ஒற்றைக் கால் மட்டும் வீங்கி, கெண்டை வலித்தால், ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மாத்திரை அட்டையைக் கையில் கொண்டுபோங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி வீட்டுச் சண்டைக்கு வருவோம். ஒரே வீட்டில் இருவர் என்பது அபூர்வம், ஆனால் நடப்பதுதான். ஸ்பெயினில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்டவர்களின் உடன்பிறப்புகளில் ஏறக்குறைய 211 பேருக்கு ஒருவர் அப்படி இருக்கலாம் என்றது. இரட்டையரில் ஒருவர் இப்படி இருந்தால், உருவம் ஒத்த இரட்டையரிடம் மற்றவரும் அப்படி இருப்பது அதிகம். ஆகவே பிறப்பிலேயே ஏதோ பங்கு இருக்கிறது. அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. லேபுக்குப் பணம் கொடுக்காதீர்கள். சொந்தத்தில் கட்டினால் சில பிறவிப் பாலுறுப்புக் குறைபாடுகள் கூடும் என்பது உண்மை. அவை வேறு, உடலைப் பரிசோதித்தாலே பெரும்பாலும் சந்தேகம் வந்துவிடும்.

அக்காவைப் பார்த்து ஒட்டிக்கொண்டது என்கிறாரா கொழுந்தனார்? அக்காவை நீங்கள் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவளும் வாய் திறந்திருக்கிறாள். உங்கள் வயிற்றிலோ வளர்ப்பிலோ குற்றமில்லை. கடைசிப் பெண் நன்றாகக் கிரிக்கெட் ஆடட்டும்.

யூடியூபில் "திருநங்கை என்ற எண்ணத்தையே மாற்றித் தருகிறோம்" என்பவர்களிடம் போய்விடாதீர்கள். மருத்துவர் யாராவது அப்படிச் செய்தால் அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது.

ஸ்கேனில் கட்டி இல்லை என்றாலும் மருந்துக் கடையில் வாங்கும் அந்த மாத்திரை இனி வேண்டாம். கால் சரியானதும் மகளைச் சென்னை ராஜீவ்காந்தி அல்லது மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரண்டிலும் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ரத்தக்கட்டி வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். ஹார்மோன் எது, எவ்வளவு என்பதே மாறும்.