குடல் அழற்சியும் உப்பு இழப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாகும் நோய்). நிறையத் தண்ணீர் குடித்தும் களைப்பு தீரவில்லையே?

பதில்: பேதியில் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து போகிறது. சிறுகுடலிலிருந்து தினமும் ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீர் பெருங்குடலுக்கு வருகிறது. நலமான பெருங்குடல் அதிலுள்ள சோடியத்தை உள்ளிழுக்கும். நீரும் அதன் பின்னே போகும். மலத்தில் மிஞ்சுவது 100 முதல் 200 மி.லி.தான். அழற்சி வந்தால் செல்களின் மேற்பரப்பில் சோடியம் நுழையும் வாயில்கள் குறைகின்றன. செல்லின் அடியிலிருந்து சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளும் சோடியம்-பொட்டாசியம் பம்பும் மந்தமாகிறது. செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்வதால், உறிஞ்சியதிலும் ஒரு பகுதி திரும்பக் கசிகிறது. குடல் நீரைச் சுரந்து கொட்டுகிறது என்பதைவிட, உறிஞ்ச முடியாமல் விட்டுவிடுகிறது என்பதே பெரும்பாலும் சரி.

ஆகவே ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடியுங்கள். பாக்கெட் முழுவதையும் அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைக்க வேண்டும். கண்ணளவில் பாதிப் பொடி போட்டால் உப்பின் கணக்கு தப்பும். அதிலுள்ள குளுக்கோஸ் சிறுகுடலில் சோடியத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். கொலைட்டிஸ் சிறுகுடலைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்பதால் அந்த வழி திறந்தே இருக்கிறது. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.

கேள்வி: ரத்தத்தில் சோடியம் சரியாக இருக்கிறது. கவலையில்லைதானே?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். நீரும் உப்பும் சேர்ந்தே குறைந்தால் ரத்தப் பரிசோதனையில் சோடியத்தின் அளவு மாறாது. சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், உடல் உப்புக்குத் தவிக்கிறது என்று கொள்ளலாம். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: பொட்டாசியம் மாத்திரை போட்டும் ரத்தத்தில் அதன் அளவு ஏறாமல் 3.1-லேயே நிற்கிறது.

பதில்: மெக்னீசியத்தைப் பரிசோதித்தீர்களா? அது குறைந்திருந்தால் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாது. எவ்வளவு கொடுத்தாலும் வெளியேறிவிடும். ஒமெப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மருந்துகளை நெடுநாள் எடுத்தாலும் மெக்னீசியம் குறையலாம். இதற்கு மேல், அழற்சியுள்ள பெருங்குடலே பொட்டாசியத்தைக் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு மருந்தான ப்ரெட்னிசோலோன் சிறுநீர் வழியாக இன்னும் கொஞ்சம் இழக்க வைக்கிறது. மெக்னீசியம் மாத்திரை அளவு மிஞ்சினால் பேதியைக் கூட்டும் என்பதால், குறைபாடு கடுமையாக இருந்தால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

கேள்வி: பேதியை நிறுத்த லோபெரமைடு போடலாமா?

பதில்: நோய் கடுமையாக இருக்கும்போது கூடாது. பொட்டாசியம் குறைந்த குடல் தசை ஏற்கெனவே தளர்ந்திருக்கும்; அசைவை மேலும் அடக்கினால் பெருங்குடல் ஆபத்தான அளவுக்கு விரியலாம். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்துடன் மலம் போய், கூடவே நாடி 90-ஐத் தாண்டினாலோ காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.