குடியை விட்டு ஐந்து வாரம்: சிகரெட்டை எப்போது விடுவது?

"வயது 44. குடியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. முன்பு ஒரு நாளைக்கு ஆறு சிகரெட், இப்போது பதினைந்து. அதையும் விடச் சொல்கிறார் மனைவி. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், 'ஒரு வருஷம் போகட்டும், ரெண்டையும் சேர்த்து விட்டா திரும்பக் குடிக்கப் போயிடுவே' என்கிறார். யார் சொல்வது சரி?"
– ஈரோட்டு வாசகர்

ஐந்து வாரம் குடிக்காமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. மூத்தவரின் பயமும் அதற்காகத்தான்.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 2004-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குடிப்பழக்கத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் ஒன்றாகச் சிகிச்சை பெற்றவர்களைவிட, புகைக்கான சிகிச்சையை ஆறு மாதம் தள்ளிப் பெற்றவர்களே குடிக்காமல் இருப்பதில் மேலாக இருந்தார்கள். ஆனால் அதே ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புகையை நிறுத்த உதவி பெற்றவர்கள் நெடுநாள் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. ஆகவே எல்லோரும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் போதைச் சிகிச்சை பெற்ற 845 பேரைத் தொடர்ந்து கவனித்து 1996-இல் வெளியிட்டார்கள். இறந்தவர்களில் பாதிப் பேர் புகையிலை நோய்களால் போனார்கள். குடியால் போனவர்கள் மூன்றில் ஒருவர். ஏஏ-வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1934-இல் குடியை விட்டவர். 1971-இல் அவர் உயிரைக் கொண்டுபோனது, புகையால் கெட்ட நுரையீரல்.

சரி, எப்போது? கை நடுக்கமும் வலிப்பு அபாயமும் இருக்கும் முதல் நாட்களில் நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். அதன் பிறகு நாளை எண்ணாதீர்கள், உங்களைப் பாருங்கள். இரவில் ஓரளவு தூங்குகிறீர்களா? டாஸ்மாக் கடையைத் தாண்டும்போது மனம் அலைபாயாமல் இருக்கிறதா? குடி நினைப்பு வந்தால் உடனே போன் செய்ய ஆள் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், இரண்டு மூன்று வாரத்தில் ஒரு தேதி குறியுங்கள். கல்யாணம், பண்டிகை நாள் வேண்டாம். இல்லை என்றால் பழைய ஆறு சிகரெட்டுக்குத் திரும்புவதே இப்போதைக்குப் போதும். குடித்துக்கொண்டிருந்த மாலை நேரத்தில்தான் அந்தக் கூடுதல் ஒன்பதில் பெரும்பகுதி போகிறது என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்கு வேறு வேலை வையுங்கள்.

வெறும் மன உறுதியோடு இறங்காதீர்கள். நிகோடின் கம் அல்லது தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் எடுங்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் பொதுவாக 4 மி.கி. கம் தேவைப்படும். பபுள்கம் போல மெல்லாமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவையுங்கள். டீ, காபி குடித்துக் கால் மணி நேரம் கழித்துப் போட்டால்தான் வேலை செய்யும். புகையை விட்டதும் காபியின் வீரியம் உடம்பில் அதிக நேரம் நிற்கும். வழக்கமான அளவைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் தூக்கம் கெடும். புகையை நிறுத்தத் தரப்படும் புப்ரோபியான் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். குடியைத் திடீரென நிறுத்தியவர்களுக்கு அது வலிப்பைக் கொண்டுவரலாம். உங்கள் குடி வரலாறு தெரிந்த மருத்துவர் முடிவு செய்யட்டும்.

எரிச்சலும் தவிப்பும் முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும், சில வாரங்களில் அடங்கும். அப்போது ஏஏ கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். ஒருவேளை குடி நினைப்பு தலைதூக்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்; தேவைப்பட்டால் நிகோடின் அளவைக் கூட்டலாம், தேதியைக்கூடத் தள்ளி வைக்கலாம். 1800-11-2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். மனைவியிடம் தேதியைச் சொல்லுங்கள். மூத்தவரிடமும்தான்.